‘நல்ல நிலை’ என்று சொல்லி வந்த பழைய காமிக்ஸ்: விற்றவரிடம் எதை, எப்படிக் கேட்பது?

கிளிநொச்சியிலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். பேஸ்புக்கில் பார்த்த விளம்பரத்தை நம்பி, கொழும்பிலுள்ள ஒருவரிடம் பன்னிரண்டு பழைய காமிக்ஸ் பிரதிகளை 21,000 ரூபாவுக்கு வாங்கி, பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் ‘எல்லாம் நல்ல நிலை, முழுமையான பிரதிகள்’ என்று இருந்தது. கூரியரில் வந்ததைப் பிரித்தபோது ஒன்றின் முன்னட்டை கலர் போட்டோப் பிரதி, ஒன்றில் நடுத்தாள் இல்லை, இரண்டு பைண்டிங்கிலிருந்து கழற்றியவை, நான்கு பழுத்து மஞ்சளானவை, ஒன்று ஓரம் நனைந்து மூலை மடங்கியது. மூன்றில் மட்டுமே உங்களுக்குக் குறையில்லை. விற்றவரோ ‘பழைய புத்தகம் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டார். பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கலாமா என்கிறீர்கள்.

முழுவதையும் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது என்பது என் கணிப்பு. பன்னிரண்டையும் ஒரே குற்றச்சாட்டில் கட்டிக் கொடுத்தால், அவர் மஞ்சளான நான்கையும் காட்டி ‘ஐம்பது வருடத் தாள் மஞ்சளாகாமல் வேறென்ன செய்யும்’ என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. அந்த நியாயத்துக்குள்ளே போட்டோப் பிரதி அட்டையும் மறைந்துபோகும். ஆகவே சொன்னதற்கு மாறாக வந்தவை எவை, நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகைக்கு அவர் பொறுப்பு. இரண்டாவது வகைக்கு ஒருவரும் பொறுப்பில்லை.

மஞ்சளைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அந்தக் காலத்துக் காமிக்ஸ்கள் பெரும்பாலும் அச்சான நியூஸ்பிரிண்ட் தாள், மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளை நீக்காமல் செய்யப்படுவது. காற்றும் வெளிச்சமும் பட, அது பழுப்பேறி, அமிலம் கூடி, நாளடைவில் மடித்த இடத்தில் முறியும். நன்றாகப் பாதுகாத்த பிரதியும் ஓரளவு மஞ்சளாகத்தான் இருக்கும். முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது. லயனும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தன. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், அந்த ஆண்டுகளின் பிரதிகள் இலங்கைக்குள் வந்ததே குறைவு. வந்தவற்றிலும் வன்னியில் இடம்பெயர்வுகளைத் தாண்டி மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. நீங்கள் எழுதியிருந்த, 2009இல் விட்டுவிட்டு வந்த அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி வாசித்தபோது எனக்கும் சொல்ல வார்த்தை வரவில்லை. ஆனால் பெட்டியில் இருந்த பிரதிகளின் நினைவை வைத்து, வந்த பிரதிகளை அளந்துவிடாதீர்கள். விற்றவர் வாக்குக் கொடுத்தது விளம்பரத்தில் உள்ள இரண்டு சொற்களுக்கு மட்டுமே.

அந்த இரண்டு சொற்களில் ‘நல்ல நிலை’ என்பது கையில் பிடிக்க முடியாத சொல். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 0.5 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதிலே ‘குட்’ என்றால் 2.0, ‘வெரி குட்’ என்றால் 4.0 மட்டுமே. அட்டையில் மடிப்பும், முதுகில் சிறு கிழிசலும், ஓரத்தில் தேய்வும் உள்ள, நன்றாக அடிபட்ட ஒரு பிரதியைத்தான் அவர்கள் ‘குட்’ என்கிறார்கள். நாங்கள் மனதில் நினைக்கும் நல்ல பிரதி அந்த அளவில் 8.0க்கு மேலே போய் நிற்கும். அந்த வழக்கத்தில் பழகிய ஒருவர் ‘குட் கண்டிஷன்’ என்பதை அப்படியே தமிழில் எழுதியிருந்தால், அவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. ஆகவே அந்தச் சொல்லில் சண்டை பிடிக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பலமான சொல் ‘முழுமையான’ என்பது. நடுத்தாள் இல்லாத பிரதி எந்த அளவுகோலிலும் முழுமையானது ஆகாது. அட்டை போட்டோப் பிரதி என்றால் அதுவும் ஆகாது.

இனி ஆதாரம். பிரதிகளை யன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஒவ்வொன்றாக வையுங்கள். சந்தேகமான அட்டையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பழைய ஓப்செட் அச்சில் நிறங்கள் சிறு புள்ளிகளாக, பூவிதழ் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். போட்டோப் பிரதி இயந்திரத்தில் எடுத்ததில் அந்த ஒழுங்கு குலைந்து, கோடு கோடாகவோ தூள் தூவியது போலவோ தெரியும், கறுப்பு நிறம் தாளின் மேலே மெழுகு போல மினுங்கும். மூல அட்டையில் இருந்த மடிப்புக் கோடு போட்டோப் பிரதியில் படமாக விழுந்திருக்கும், விரலால் தடவினால் அந்த இடத்தில் மடிப்பே இராது. இந்த ஒரு சோதனையை வீடியோவாக எடுத்தால் அதற்கு மேல் வாதமில்லை. புற ஊதாக்கதிர் ரோர்ச் ஒன்றை இருட்டறையில் பிடித்தும் பார்க்கலாம். இக்காலத்து வெண்தாள் நீலவெள்ளையாய் ஒளிரும், பழைய நியூஸ்பிரிண்ட் உள்தாள் மங்கிக் கிடக்கும்.

நடுத்தாளுக்குப் பக்க எண்களே சாட்சி. கம்பி குத்திய புத்தகத்தில் ஒரு தாள் கழன்றால் நான்கு பக்கம் போகும். நடுத்தாள் என்றபடியால் அந்த நான்கும் அடுத்தடுத்த பக்கங்கள். விடுபட்ட எண்களுக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை விரித்து ஒரே படத்தில் எடுங்கள், கம்பியும் தெரிய வேண்டும். பைண்டிங்கிலிருந்து கழற்றியவற்றை அடையாளம் காண்பதும் எளிது. எங்கள் ஊர்களில் ஏழெட்டு இதழைச் சேர்த்துத் தைத்து, மூன்று பக்கமும் வெட்டி, கலிக்கோத் துணி ஒட்டி வைப்பது ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. அந்த வெட்டுத்தான் இன்று விலையைக் குறைக்கிறது. முதுகோரம் ஊசித்துளைகள் வரிசையாக இருக்கும், பசையின் தழும்பு இருக்கும், அளவுகோலை வைத்தால் அதே காலத்து வெட்டாத இதழை விட உயரம் சில மில்லிமீற்றர் குறைந்திருக்கும். உங்களிடம் குறையில்லாத மூன்று பிரதிகள் இருக்கின்றனவே, அவற்றில் அதே வரிசையைச் சேர்ந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அளவுகோலோடு படம் எடுங்கள். இந்தக் குறை ‘முழுமை’யைக் கெடுப்பதா என்று கேட்டால், கதை முழுதாக இருப்பதால் நான் பாதி ஆம் என்றே சொல்வேன். வெட்டியதையும் தைத்ததையும் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும், ஆனால் திருப்பி அனுப்பும் அளவுக்கு இதைப் பெரிதாக்க முடியாது.

பழுதுபார்க்கும் ஆசையை அடக்கி வையுங்கள். செலோரேப் ஒட்டுவது, அயன் பிடிப்பது, துருப்பிடித்த கம்பியைக் கழற்றுவது, ஈரம் போக முற்றத்து வெயிலில் காயவிடுவது எல்லாமே பிரதியை மாற்றிவிடும். மாற்றிய பிறகு ‘வந்தபடியே திருப்பித் தருகிறேன்’ என்று உங்களால் எழுத முடியாது. இராமபாணப் பூச்சி இருக்குமோ என்ற பயம் இருந்தால், சிப் வைத்த பொலித்தீன் பையில் தனியாகப் போட்டு மற்றப் புத்தகங்களிலிருந்து விலக்கி வைத்தால் போதும். பெட்டி, குமிழ்த்தாள், முகவரி ஒட்டிய துண்டு, கூரியர் பற்றுச்சீட்டு ஆகியவற்றையும் எறியக் கூடாது.

நனைந்த பிரதி வேறு கதை. உள்ளூர்க் கிராமங்களுக்குக் கூரியர் வாசல் வரை வருவது எப்போதும் நடப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தொலைபேசி எடுத்து ‘ரவுணுக்கு வந்து எடுங்கோ’ என்பார்கள், அல்லது சந்திக் கடையில் விட்டுப் போவார்கள். கார்த்திகை மார்கழி மழையில் பெட்டி எங்கே நனைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பொருளைக் கூரியரிடம் ஒப்படைப்பதையே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகச் சட்டம் பொதுவாகக் கருதுவதால், வழியில் நேர்ந்த சேதத்தை விற்றவர் தலையில் போடுவது கடினம். அவர் ஒற்றைப் பொலித்தீன் உறையில், மட்டை வைக்காமல் அனுப்பியிருந்தால் பொதி கட்டியதில் கவனக்குறைவு என்று கேட்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இரு பக்கமும் காட்போட் மட்டையும் குமிழ்த்தாளும் தெரிகின்றன. ஆகவே அந்தப் பிரதியைக் கணக்கிலிருந்து விட்டுவிடும்படி சொல்கிறேன். கூரியர் நிறுவனத்திடம் முறைப்பாடு செய்யலாம், ஆனால் ஏற்கும்போது ‘நனைந்துள்ளது’ என்று குறித்துக் கையொப்பமிடாதபடியால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது தொகையைப் பார்ப்போம். விற்றவர் வட்ஸ்அப்பில் தந்த விலைப்பட்டியலின்படி மூன்று பிரதி 2,500 வீதம், ஒன்பது பிரதி 1,500 வீதம். போட்டோப் பிரதி அட்டை உள்ளது 2,500 ரூபா இதழ். நடுத்தாள் இல்லாததும் பைண்டிங்கிலிருந்து கழற்றிய இரண்டும் 1,500 ரூபா இதழ்கள். முதல் இரண்டையும் திருப்பி அனுப்பி 4,000 கேளுங்கள். கழற்றிய இரண்டையும் நீங்களே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பாதி விலையான 750 வீதம் 1,500 கேளுங்கள். மொத்தம் 5,500 ரூபா, அதோடு திருப்பி அனுப்பும் கூரியர் செலவு. அவருடைய விலையையே வைத்துக் கணக்குப் பார்ப்பதால், சந்தை விலை என்ன என்ற முடிவில்லாத வாக்குவாதத்துக்குள் நீங்கள் போகத் தேவையில்லை.

செய்தியை நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘வணக்கம். நீங்கள் அனுப்பிய 12 பிரதிகளும் கிடைத்தன. மூன்று மிக நன்றாக உள்ளன, நன்றி. மஞ்சள் நிறம், வழியில் பட்ட ஈரம் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பட்டியலில் 4ஆம் பிரதியின் முன்னட்டை போட்டோப் பிரதி, 7ஆம் பிரதியில் நடுத்தாள் (நான்கு பக்கங்கள்) இல்லை. படங்களும் வீடியோவும் இணைத்துள்ளேன். விளம்பரத்தில் முழுமையான பிரதிகள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இவ்விரண்டையும் வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன், 4,000 ரூபாவையும் கூரியர் செலவையும் தாருங்கள். 9ஆம், 10ஆம் பிரதிகள் பைண்டிங்கிலிருந்து கழற்றி ஓரம் வெட்டியவை. அவற்றை வைத்துக்கொள்கிறேன், விலையில் 1,500 ரூபா குறைத்துத் தாருங்கள். நீங்கள் வாங்கிய இடத்திலேயே இந்தக் குறைகள் இருந்து, உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்று நினைக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.’

கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். மரியாதைக்காக மட்டும் அதைச் சேர்க்கவில்லை. மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்பவர்களில் பலர் பக்கம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ‘ஏமாற்றினாய்’ என்று தொடங்கினால் அவர் தன் பெயரைக் காப்பாற்றவே வாதாடுவார், பணம் பின்னுக்குப் போய்விடும். அதே காரணத்துக்காக, உங்கள் முகநூல் சுவரில் அவருடைய பெயரையும் படத்தையும் போட்டுக் ‘கள்ளன்’ என்று எழுதியதை இன்றே நீக்குங்கள். இப்போது அது உங்களுக்கு எதிராக அவர் காட்டக்கூடிய ஆதாரம். தொலைபேசியில் பேச வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பேசினால், பேசி முடித்த கையோடு ‘சற்றுமுன் பேசியபடி’ என்று தொடங்கி, ஒப்புக்கொண்டதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, மின்னியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது.

அவர் மறுத்தால் என்ன வழி? எங்கள் நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டுக்குரியது. விபரணத்தைக் கொண்டு விற்ற பொருள் அந்த விபரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதிலே சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. ஒத்திராவிட்டால் பொருளை நிராகரிக்கலாம், அல்லது வைத்துக்கொண்டு விலைக் குறைப்புக் கேட்கலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள் நிராகரிப்பதாகத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பொதி வந்து ஏழு நாள் ஆகிறது என்கிறீர்கள், ஆகவே செய்தியை இன்றே அனுப்பிவிடுங்கள்.

விற்பவர் இதை வியாபாரமாகச் செய்பவர் என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போகலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தன் வீட்டு அலுமாரியைக் காலி செய்யும் தனி ஆள் என்றால் இந்த வழி பலவீனமானது. விற்றவர் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருந்திருந்தால் நான் முதலில் இணக்கசபையைத்தான் சொல்லியிருப்பேன். சிறு தொகைப் பிணக்குகளில் நீதிமன்றம் போகுமுன் அங்கே போயாக வேண்டும், செலவில்லை, முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசும்போது 5,500 ரூபாவுக்காக அடம்பிடிப்பவர் குறைவு. கொழும்பு ஆளை அங்கே வரவழைப்பது வேறு பாடு. பொலிஸ் முறைப்பாட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் வஞ்சித்தலுக்கு, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். வேறொருவருடைய பிரதியின் படத்தைப் போட்டு விற்றார், பணம் வாங்கியதும் கணக்கை மூடிவிட்டார் என்பது போன்ற நிலையில் அது பொருந்தும்.

இதே கேள்வியைக் கனடாவிலோ லண்டனிலோ உள்ள உறவினர் மூலம் ஈபேயில் வாங்குபவர்களும் கேட்கிறார்கள். அங்கே நிலைமை எவ்வளவோ மேல். விபரணத்துக்கு மாறானது என்று, பொதி வந்து 30 நாளுக்குள் ஈபேயிலேயே திருப்புதலைத் தொடங்க வேண்டும். விற்பவர் மூன்று வேலை நாளுக்குள் தீர்க்காவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம், திருப்பி அனுப்பும் செலவும் விற்பவருடையது. பேபால் மூலம் செலுத்தியிருந்தால் 180 நாள் வரை பிணக்குத் தொடங்கலாம். தொடங்கி 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடப்பட்டுவிடும், பலர் தோற்பது இந்த இடத்தில்தான். செலவு மிச்சம் என்று ‘நண்பர்கள், குடும்பத்தார்’ வழியாகப் பணம் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள், அந்த வழிக்குப் பாதுகாப்பே கிடையாது. இந்தியாவில் உள்ளவரிடம் சென்னை உறவினர் பணம் கட்டி வாங்கினால், பணம் கட்டிய சான்றும் உரையாடலும் அந்த உறவினரின் கைத்தொலைபேசியில் இருக்கும். அவற்றின் பிரதியை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு முறை சூடுபட்டவன். 1980களின் ராணி காமிக்ஸ் ஒன்றை, பளபளக்கும் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கினேன். வவுனியாவில் பொதியைப் பிரித்தபோது அதே இதழ்தான், ஆனால் படத்தில் இருந்த பிரதி அது இல்லை. படத்தில் வலது மூலை கூராக இருந்தது, கையில் இருந்ததில் அந்த மூலையே இல்லை. ‘படம் மாதிரிக்குப் போட்டது’ என்றார் விற்றவர். அந்தப் படமும் இணையத்தில் எங்கேயோ எடுத்தது. நான் அத்தோடு விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பணம் அனுப்புமுன் மூன்று படம் கேட்கிறேன்: அன்றைய திகதியை எழுதிய துண்டு அட்டையின் மேல் இருக்கும் படம், நடுப்பக்கம் விரிந்து கம்பி தெரியும் படம், முதுகின் நீளப் படம். கூடவே ‘பக்கம் எண்ணினீர்களா, வெட்டியதா, ஒட்டியதா, அட்டை மூல அட்டையா’ என்று நான்கு கேள்வி. தர மறுப்பவரிடம் வாங்குவதில்லை. இதனால் இரண்டொரு அரிய பிரதிகளை நான் இழந்ததும் உண்டு.

உங்கள் விற்பனையாளர் ஒப்புக்கொண்டால், இரண்டு பிரதிகளையும் அவர் அனுப்பிய அதே மட்டைகளுக்கு நடுவில் வைத்து, பொதி கட்டுவதை முகவரித் துண்டு தெரியும்படி ஒரே தொடர் வீடியோவாக எடுத்து, கண்காணிப்பு இலக்கத்தை அவருக்கு அனுப்புங்கள். பணம் முதலா பொதி முதலா என்று இழுபறி வந்தால், விலைக்குறைப்பான 1,500ஐ முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால் பொதியை அனுப்பத் துணியலாம், வராவிட்டால் அந்த இரண்டு பிரதிகளும் உங்களிடமே இருக்கட்டும்.